நிழல் தெற்கே சாயும் ஊர்

பிள்ளைகளா, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். மே மாத நண்பகலில் ராதாபுரத்தில் ஒரு கம்பை நட்டு வைத்தால், அதன் நிழல் எந்தப் பக்கம் விழும்?

காலை நிழல் மேற்கே விழும். மாலை நிழல் கிழக்கே விழும். உச்சி வேளையில் மிச்சமிருப்பது வடக்கும் தெற்கும்தான். டிசம்பரில் அந்த உச்சி நிழல் வடக்கே சாய்கிறது. மே மாதத்தில் தெற்கே சாய்கிறது! இடையில் ஒரு நாள் எந்தப் பக்கமும் சாயாமல் கம்பின் காலடியிலேயே ஒளிந்துகொள்கிறது.

அந்த நாளைப் பிடிக்க மூன்று வேண்டும்: ஒரு கம்பு, ஓர் அளவுகோல், தினமும் ஒரே இடத்தில் இருப்பது. முதல் இரண்டும் எளிது. மூன்றாவதுதான் கோடை விடுமுறையில் கிடைக்காது. ஆச்சி வீடு, கோயில் கொடை, உவரிக் கடற்கரை என்று கால் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் ஒரு கோடையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த மூன்றாவது பொருள் கேட்காமலே கிடைத்தது.

அந்த 21 நாள்

கொரோனா பரவாமல் தடுக்க, 2020 மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, பள்ளிக்கூடம் இல்லை. பிறகு அது நீண்டுகொண்டே போனது. 2021 கோடையிலும் மறுபடி வீடுதான். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. உங்களில் பலர் அப்போது தவழ்ந்துகொண்டிருந்திருப்பீர்கள். அண்ணன் அக்காமாரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

பெரியவர்களுக்குப் பயம் ஒரு பக்கம், வேலைக் கவலை ஒரு பக்கம். சின்னவர்களுக்கோ, “இப்ப என்ன செய்ய?” என்ற கேள்வி. விளையாட ஆள் இல்லாமல் வளவுக்குள்ளேயே அடைந்து கிடப்பது லேசான காரியம் இல்லை. இன்றைக்கும் அம்மை போட்டு வாசலில் வேப்பிலை செருகிய வீட்டில் ஒரு பிள்ளை அப்படித்தான் இருக்கிறது.

அப்படி வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஊர் சுற்றுகிறவர் கண்ணுக்குத் தப்பும் சில உண்மைகள், ஒரே இடத்தில் இருந்து தினமும் பார்க்கிறவருக்கு மட்டுமே பிடிபடும். அந்த 21 நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 25 அன்று ராதாபுரத்தில் 100 செ.மீ. உயரக் கம்பின் உச்சி நிழல் வடக்கே சுமார் 11 செ.மீ. நீளம். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று, தெற்கே 2 செ.மீ. சொச்சம். ஊரே கதவடைத்திருந்த அந்த மூன்று வாரத்துக்குள் நிழல் சத்தமில்லாமல் பக்கம் மாறிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் இதே நாட்களில் மாறுகிறது. நீங்களும் பார்க்கலாம்.

கம்பு நடுவோம்

வெயில் விழும் சமதளமான தரையில் 100 செ.மீ. உயரக் கம்பு ஒன்றை நடுங்கள். கொத்தனார் சுவரைச் சரிபார்க்கத் தூக்குக்குண்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் உங்களுக்கும் தூக்குக்குண்டு தயார். கம்பு அந்த நூலுக்கு ஒத்துச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து, திசை. கம்பை மையமாக வைத்து நூலால் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். காலையில் நீளமாக இருக்கும் நிழல் குறுகிக்கொண்டே வரும். அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல் வையுங்கள். பிற்பகலில் நிழல் மறுபடி நீண்டு, எதிர்ப்பக்கம் வட்டத்தைத் தொடும். அங்கும் ஒரு கல். இரண்டையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்காகச் செங்குத்துக் கோடு போட்டால் வடக்கு தெற்கு. கோயில் கட்டும் ஸ்தபதிகள் ‘சங்கு’ என்னும் முளையை நட்டுத் திசை கண்டது இந்த முறையில்தான். சங்க நூலான நெடுநல்வாடையில், சூரியன் ஒரு பக்கமும் சாராத உச்சிப் பொழுதில் கோல் நட்டுத் திசை பார்த்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்ததை நக்கீரர் சொல்கிறார். நிழல் சாயாத நேரத்தைத் தமிழர் எவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள், பாருங்கள்!

இனி தினமும் உச்சி நேரத்தில் நிழலை அளக்க வேண்டியதுதான். கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது ராதாபுரத்துக்கு உச்சி ஆகியிருக்காது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது நமக்குக் கிழக்கே, 82.5 பாகை தீர்க்கரேகைக்குப் பொருந்துமாறு வைத்தது. ராதாபுரமோ 77.7 பாகையில் இருக்கிறது. அதனால் மார்ச் கடைசியில் இங்கே உச்சி வருவது ஏறத்தாழ 12.25-க்கு, ஏப்ரல் 11-ஐ ஒட்டி 12.20-க்கு.

ஒரு நோட்டில் தேதி, நேரம், நிழலின் நீளம், பக்கம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக நிழல் குறைவதைக் காண்பீர்கள். ஏப்ரல் 10 அல்லது 11 அன்று நிழலே இல்லை! எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் அதைச் சுற்றி நிழல் தெரியாது. இதைத்தான் ‘நிழலில்லா நாள்’ என்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. நாம் பார்ப்பது தரையை மட்டும். சூரியனை நேராக ஒரு கணமும் பார்க்கக் கூடாது, கண் பாழாகிவிடும். உச்சி வெயிலில் பத்து நிமிஷம் போதும். தலையில் துண்டு, பக்கத்தில் ஒரு பெரியவர், குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும்.

ஏன் அப்படி?

பூமி நிமிர்ந்து சுற்றவில்லை. அதன் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு அது சூரியனைச் சுற்றி வருவதால், சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் இடம் ஊஞ்சல் போல வடக்கும் தெற்குமாகப் போய் வருகிறது. மார்ச் 20-ஐ ஒட்டி அது நிலநடுக்கோட்டில். பிறகு நாளுக்குச் சுமார் 40 கி.மீ. வடக்கே ஏறுகிறது. 8.3 பாகை அட்சரேகையில் உள்ள ராதாபுரத்துக்கு ஏப்ரல் 10, 11 வாக்கில் வருகிறது. திருநெல்வேலிக்கு 12-ஐ ஒட்டி, மதுரைக்கு 15-ஐ ஒட்டி, சென்னைக்கு 24-ஐ ஒட்டி.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. சித்திரை விசு முடிந்த மறுநாள் நண்பகலில் உங்கள் நிழல் தெற்கே விழும். அதே நாள் சென்னையில் இருக்கும் உங்கள் சித்தி மகளின் நிழல் வடக்கே விழும்! இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஜூன் 21-இல் உங்கள் கம்பின் நிழல் தெற்கே சுமார் 27 செ.மீ. வரை நீளும். டிசம்பர் 21-இல் வடக்கே 62 செ.மீ. அளவுக்குப் போகும்.

போனில் பூமியை அளக்கலாம்

அந்தச் சித்தி மகளை விட்டுவிடாதீர்கள். அவளோடு சேர்ந்து ஒரு பெரிய வேலை செய்யலாம். ஊரடங்கிலும் போன் வேலை செய்ததே!

ராதாபுரத்தில் நிழலில்லாத அன்றே அவள் சென்னையில் மொட்டை மாடியில் 100 செ.மீ. கம்பு வைத்து அளக்கட்டும். சென்னை கிழக்கே இருப்பதால் அங்கே உச்சி 12.10-க்கே வந்துவிடும். அவளுக்கு ஏறத்தாழ 8.4 செ.மீ. நிழல் கிடைக்க வேண்டும். உங்களுக்குச் சுழியம், அவளுக்கு 8.4. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பூமி தட்டையாக இருந்தால் வெகு தொலைவிலுள்ள சூரியன் இருவருக்கும் ஒரே நிழலைத் தந்திருக்கும். பூமி வளைந்திருப்பதால் உங்கள் கம்பும் அவள் கம்பும் ஒரே திசையில் நிற்கவில்லை. இரண்டையும் மண்ணுக்குள் நீட்டிக்கொண்டே போனால், பூமியின் மையத்தில் சந்திக்கும்.

இப்போது வரைபடத்தை எடுங்கள். ராதாபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே நேர் வடக்கு தெற்காக மட்டும் எவ்வளவு தூரம் என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். சாலை தூரம் வேண்டாம். அது வளைந்து வளைந்து போகிறது. சுமார் 535 கி.மீ. வரும். 8.4 செ.மீ. நிழலுக்குக் கம்பு 100 செ.மீ. என்றால், 535 கி.மீ. தூரத்துக்குப் பூமியின் ஆரம் எவ்வளவு?

535 × 100 ÷ 8.4 = ஏறத்தாழ 6,369 கி.மீ.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்கின்றன புத்தகங்கள். வீட்டை விட்டு வெளியே போகாத இரண்டு பிள்ளைகள், ஒரு கம்பையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு இந்தப் பூமியையே அளந்துவிட்டார்கள்!

2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் செய்ததும் இதே வேலைதான். தெற்கே சையீன் என்ற ஊரில் உச்சிச் சூரியன் நேர் மேலே நிற்கும் நாளில், வடக்கே அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலின் கோணத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

உங்களுக்கு 6,369 வராவிட்டால் மனம் வாட வேண்டாம். நிழலை 8 செ.மீ. என்று அளந்திருந்தால் விடை 6,688. 9 செ.மீ. என்றால் 5,944. அரை சென்டிமீட்டர் பிசகினாலும் விடை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. ஏன் பிசகியது என்று தேடுவதும் அறிவியல்தான். கம்பு சாய்ந்திருந்ததா? தரை மேடாக இருந்ததா? நேரம் தவறியதா? நாளைக்கு மறுபடி அளக்கலாம், வீட்டில்தானே இருக்கிறோம்.

மஞ்சள் சொல்லும் ரகசியம்

வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குள் வாருங்கள். கொரோனா நாட்களில் எல்லாரும் சொன்னது: “சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவு.” ஏன் சோப்பு? ஏன் 20 வினாடி? சோதித்துப் பார்ப்போம்.

சில சொட்டுத் தேங்காயெண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் குழைத்து இரண்டு கையிலும் பூசுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், மஞ்சள் போகாது. இப்போது சோப்பைத் தொட்டு ஐந்து வினாடி மட்டும் தேயுங்கள். எங்கே மஞ்சள் மிச்சம்? விரலிடுக்கு, கட்டைவிரலின் அடி, நகக்கண். வழக்கமாக நாம் கழுவ மறக்கும் இடங்கள் இவைதான். 20 வினாடி தேய்த்தால்தான் சோப்பு அங்கெல்லாம் போய்ச் சேரும்.

சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அதனால் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடும். கொரோனா வைரஸின் மேலுறையும் கொழுப்பால் ஆனது. பத்தாயிரம் வைரஸை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும், அவ்வளவு சிறியது. அந்தக் கொழுப்பு உறையைச் சோப்பு குலைத்ததும் வைரஸ் செயலிழந்துவிடும். இங்கே வேலை செய்தது சோப்பு. மஞ்சள் நமக்கு அடையாளம் காட்டியது, அவ்வளவுதான். மஞ்சள் பூசினால் கொரோனா வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கழுவும்போது இன்னொன்றைக் கவனித்தீர்களா? கட்டிச் சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்திருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் நிறம் மாறும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெள்ளைத் தாளை நனைத்துக் காய வையுங்கள். அந்தத் தாளில் சுண்ணாம்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் என்று ஒவ்வொரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிவந்த இடத்தில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய சோதனை ஒன்றும் இருக்கிறது. கோடை என்றால் பதநீர்க் காலம் அல்லவா? பனையேறும் தாத்தா கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவார். தடவாமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிக்க வைத்துவிடும், அது கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அந்த நுண்ணுயிர்களை அடக்குவதால்தான் இனிப்பு கெடாத பதநீர் கிடைக்கிறது. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. நுண்ணுயிரைக் கட்டுப்படுத்தும் அறிவியல் நம் பனங்காட்டில் பல தலைமுறையாக நடந்துவருகிறது. அடுத்த முறை பதநீர் வாங்கும்போது ஒரு சொட்டை மஞ்சள் தாளில் வைத்து, என்ன நிறம் வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

காற்றுக்கு ஒரு கணக்கு

“சன்னலைத் திறந்து வை” என்பதும் அந்த நாட்களில் கேட்ட பேச்சு. இதைப் பெரியவர் துணையோடு செய்யுங்கள். கதவு சன்னலைச் சாத்திய அறையில் ஒரு ஊதுபத்தி ஏற்றி, ஒரு நிமிஷத்தில் அணைத்துவிடுங்கள். புகையின் மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது? மறுநாள் எதிரெதிரான இரண்டு சன்னல்களைத் திறந்துவிட்டு அதையே செய்யுங்கள். பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து வரும் மிக நுண்ணிய துளிகளும் புகையைப் போலவே காற்றில் மிதக்கின்றன. அடைத்த அறையில் சேர்ந்துகொண்டே போகும். காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும். பூட்டிய அறையை விடத் திண்ணையும் முற்றமும் பாதுகாப்பு என்று சொன்னது இதனால்தான்.

காற்றுக்கு ராதாபுரத்தில் பஞ்சமில்லை. பணகுடி, காவல்கிணறு பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாயின் இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்து நுழைவதால் இங்கே வேகம் கூடுகிறது. பனையோலைத் துண்டுகளை மடித்து, நடுவே உடைமுள் குத்தி ஒரு காற்றாடி செய்யுங்கள். முள் குத்தும் வேலையைப் பெரியவரிடம் விடுங்கள். ஓர் இதழின் நுனியில் கரிக்கோடு இழுத்தால், அரை நிமிஷத்தில் எத்தனை சுற்று என்று எண்ணலாம். வேகமாகச் சுற்றி எண்ண முடியாமல் போனால் ‘மிக வேகம்’ என்று எழுதினால் போதும். தினமும் மாலை ஒரே நேரத்தில் எழுதி வாருங்கள். மேல்காற்று எந்தத் தேதியில் எழுந்தது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

நோட்டின் மதிப்பு

இப்படித் தினமும் எழுதி என்ன லாபம் என்று யாராவது கேட்டால், 2020-இல் உலகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். வண்டிகளும் ஆலைகளும் நின்றபோது, மனித நடமாட்டத்தால் தரையில் எழும் மெல்லிய அதிர்வு பல இடங்களில் பாதியளவுக்குக் குறைந்தது. நிலநடுக்கத்தைக் கண்காணிக்க ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து பதிவு செய்துவந்த கருவிகள்தாம் அதைக் காட்டின. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வகைச் சிட்டு, வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் முன்னைவிட மெல்லிய குரலில் பாடியது. ஆனாலும் அந்தப் பாட்டு முன்னைவிட அதிக தூரம் கேட்டது. ஊரடங்குக்கு முந்தைய ஆண்டுகளிலேயே அதன் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் அறிஞர்களால் ஒப்பிட முடிந்தது. நேற்றைய குறிப்பு இல்லாதவருக்கு இன்றைய மாற்றம் தெரியாது.

உங்கள் நோட்டில் பறவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காலையில் கால்மணி நேரம் தார்சாவில் உட்கார்ந்து, காகம், மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து என்று கண்டதையும் குரல் கேட்டதையும் எழுதலாம். பெயர் தெரியாததைப் படமாக வரையுங்கள். தாத்தாவிடம் காட்டினால் ஊர்ப்பெயர் சொல்வார்.

நிழல், காற்று, பறவை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் நேற்று 4 செ.மீ. இருந்த நிழல் இன்று என்ன ஆனது என்று அறியும் ஆவலில் ஒரு பிள்ளை காலையில் எழுந்தால், அந்த வீட்டில் விடுமுறை நீளமாகத் தெரியாது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விலை கொடுத்து வாங்க வேண்டியது இதில் எதுவும் இல்லை. பிள்ளை அளந்து வந்து சொல்லும் எண்ணை நிமிர்ந்து கேட்டால் போதும்.

ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 வாக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு. வடக்கே போன சூரியன் திரும்பி வரும்போது 12.20-ஐ ஒட்டி ராதாபுரத்தின் நிழலை மறுபடி ஒரு முறை மறைக்கும். அப்போது பள்ளி திறந்திருக்கும். வகுப்பையே வெளியே கூட்டி வந்து காட்டுங்கள். வெயில் காய வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள்.

அதற்குள் இந்தப் புதிருக்கு விடை கண்டுபிடியுங்கள்: டெல்லி 28.6 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் நேர் மேலே வருவது 23.5 பாகை வரைதான். டெல்லியில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு நிழலில்லா நாள் வருஷத்தில் எத்தனை முறை வரும்?